ஜன்னல் வழியாக வந்த இரண்டு கம்பிகள்

வானம் லேசாக உறுமினால் போதும், எங்கள் வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஐம்பதை நெருங்குகிற பொம்பளை, ரூம் ரூமாக ஓடி ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிக்கொண்டு திரிகிறாளே என்று. சிரிக்கட்டும். நம் காலேஜ் செட்டுக்காரிகள் சிலரும் சிரித்திருக்கிறீர்கள். காரணம் கேட்டவர்களிடம், சின்ன வயதில் பக்கத்துத் தோட்டத்தில் இடி விழுந்தது என்று ஒரு கதை சொல்லி வைத்திருந்தேன். அப்படி ஒரு இடி எங்கும் விழவில்லை. இடி இடித்தால் என் அப்பா எழுந்து ஒரு காரியம் செய்வார். எனக்கு அந்தக் காரியத்தின் மேல்தான் பயம்.

தொண்ணூறுகளின் தொடக்கம், எனக்குப் பன்னிரண்டு வயது. தொண்டாமுத்தூர் தாண்டி மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம். ஒரே பூமியை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் அப்பாவும் மறுபக்கம் பெரியப்பாவும் வைத்திருந்தார்கள். பெரியப்பா முழு விவசாயி. அப்பா காலையில் பஸ் ஏறி கோயமுத்தூரில் ஒரு மோட்டார் கம்பெனிக்குப் போய்க் காயில் சுற்றிவிட்டு, பொழுது சாயும் நேரத்துக்குத் திரும்பி வருவார். வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு முன்ரூம் மேசைக்குப் போய்விடுவார். அங்கே அவருடைய ரேடியோ இருந்தது. பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, தானே பாதி செய்து, ஒரு சின்னக் கட்டையைத் தட்டித் தட்டி, தந்தி போல மோர்ஸில் பேசுகிற ஹாம் ரேடியோ.

அவருக்கு அதில் ஒரு கூட்டாளி கிடைத்திருந்தார். மொரீஷியஸ் தீவில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். முகம் தெரியாது, குரல்கூடத் தெரியாது. வாரத்தில் நாலு நாள் சாயங்காலம் அவர் அங்கிருந்து தட்டுவார், அப்பா இங்கிருந்து தட்டுவார். "வாத்தியாரு ஊட்டுல அந்தம்மாவுக்குக் காய்ச்சலாம்" என்பார் அப்பா. "கசாயம் வெச்சுக் குடிக்கச் சொல்லுங்க" என்று அடுப்படியிலிருந்து அம்மா சொல்வாள். அப்பா அதையும் தட்டி அனுப்புவார்.

பேச ஏரியல் வேண்டுமே. அப்பா கட்டியது டைபோல். ஒரு நீளக் கம்பியை நடுவில் வெட்டி, இரண்டு பாதியையும் உயரத்தில் இழுத்துக் கட்டுவார்கள். வீட்டை ஒட்டி கரண்ட் லைன் போனதால் அதன் இரைச்சலில் அங்கே ஒன்றும் கேட்கவில்லை. அதனால் தோட்டத்தின் மேற்குக் கோடியில், பெரியப்பாவின் வாழையை ஒட்டி நின்ற இரண்டு உயரமான தென்னைகளுக்கு நடுவே கட்டினார். சரி, அங்கிருந்து வீட்டு மேசை வரை எதை இழுப்பது? இருநூற்றைம்பது அடி. ஒரு மாதம் எங்கள் வீட்டில் இதைத் தவிர வேறு பேச்சில்லை. சோறு ஆறிப்போகும், அப்பா இலையில் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருப்பார்.

உக்கடம் பக்கம் ஒரு பழைய சாமான் கடை. கடைக்காரரை அப்பா பாய் என்பார், நான் பாய் மாமா என்பேன். ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிப்போனார். மாமா எனக்கு ஒரு வர்க்கி பிஸ்கட்டைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, மூன்று துண்டுகளை எடுத்து மேசைமேல் போட்டார். மொட்டைமாடி டிவி ஏரியலில் இருந்து தட்டையாக ரிப்பன் போல ஒரு வயர் இறங்குமே, நினைவிருக்கிறதா? அது ஒன்று. மழையில் நனைந்தால் குணம் மாறிப்போகும், மலையடிவாரத்துக்கு ஆகாது என்று அதை அவரே ஒதுக்கிவிட்டார். இரண்டாவது கோஆக்ஸ் கேபிள். கறுப்பாக, உருண்டையாக, பிற்பாடு கேபிள் டிவிக்காரர்கள் ஊர் முழுக்க இழுத்துக் கட்டினார்களே, அந்தச் சாதி. உள்ளே ஒரு கம்பி, அதைச் சுற்றி வலை, அதற்கு மேல் உறை. மண்ணில் புதைக்கலாம், மாடு உரசினாலும் ஒன்றும் ஆகாது. மூன்றாவது கேபிளே இல்லை. இரண்டு செம்புக் கம்பிகளை ஒரு ஜாண் இடைவெளியில், ஏணிபோலக் குறுக்கே துண்டுகள் வைத்து, காற்றிலேயே இழுத்துக்கொண்டு வருவது.

"இதே போடுங்க" என்று மாமா கறுப்புக் கேபிளைத் தள்ளினார்.

"இரநூத்தம்பது அடிங்க பாய். அனுப்பறதுல பாதிய இந்தக் கேபிளே தின்னுபோடும். என்ற செட்டே சின்னது. தீவுக்குப் போய்ச் சேரோணுமில்லீங்களா?"

"தின்னா தின்னுட்டுப் போகட்டுமுங்க. வாய மூடிட்டுக் கெடக்கும். ரெட்டக் கம்பி தொறந்து கெடக்குமுங்க. புள்ள இருக்கற ஊடு, ஆளுக நடமாடற எடம்."

"எட்டடி ஒசரத்துல போகுதுங்க. அதைய ஆரு தொடப்போறாங்க?"

சரி, ஒன்று மட்டும் செய்யுங்கள் என்றார் மாமா. வானம் உறுமினால் முதல் வேலையாக இரண்டு முனையையும் செட்டிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் செட்டு கருகிப்போகும். அப்பா தலையை ஆட்டிவிட்டு, கறுப்புக் கேபிளைத் தொடாமலே எழுந்தார்.

கம்பெனியில் மோட்டாருக்குச் சுற்றுகிற எனாமல் பூசிய செம்புக் கம்பியே எங்கள் இரட்டைக் கம்பி ஆயிற்று. குறுக்குத் துண்டுகளுக்கு நூல் மில்லில் நூல் சுற்றிக் கழித்துப்போட்ட பிளாஸ்டிக் பாபின்கள். மஞ்சள், பச்சை, ரோஸ். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் அப்பா துளை போட, நான் கம்பியில் கோத்தேன். சவுக்குக் கம்பங்கள் மேல் அது வரிசையாகப் போய்க் கடைசியில் எங்கள் முன்ரூம் ஜன்னலுக்குள் நுழைந்தது. காற்றடித்தால் பாபின் துளைகளில் ஊங் என்று ஒரு சத்தம் வரும். அந்த ஜன்னலுக்குக் கீழேதான் நான் பாய் விரித்துப் படுப்பேன். முதல் நாள் அந்தச் சத்தத்துக்குப் பயந்து போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன்.

ஆனால் வேலை செய்தது. வாத்தியார் அங்கே துல்லியமாகக் கேட்பதாகச் சொன்னாராம். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு சாயங்காலம் பெரியப்பாவைக் கூப்பிட்டு, பியூஸ் போன ஒரு டியூப் லைட்டை அவர் கையில் கொடுத்து, கம்பிக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கட்டையை அழுத்தினார். பெரியப்பா கையில் டியூப் எரிந்தது. வயர் இல்லை, ஹோல்டர் இல்லை. அப்பா அழுத்தினால் எரிந்தது, விட்டால் அணைந்தது. பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பெரியப்பா டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏந் தம்பி, இது தொட்டா ஆளக் கொல்லுமா?"

"கொல்லாதுங்கண்ணா. சுரீர்னு சுடும், அவ்வளவுதான். ஒருக்காத் தொட்டவன் மறுக்காத் தொடமாட்டான்."

பெருமைக்காகச் சொன்ன பேச்சு. பெரியப்பா அதைக் கணக்காக மனதில் வாங்கிக்கொண்டார். இப்போது நினைத்தால், அப்பா அங்கே உட்கார்ந்து ரேடியோ அலைக்கும் லைன் கரண்டுக்கும் வித்தியாசத்தை அண்ணனுக்கு ஐந்து நிமிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாத்தியாருக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே ஓடினார்.

அந்த ஐப்பசியில் ஆனை இறங்கியது. நம்மில் டவுனில் வளர்ந்தவர்களுக்கு ஆனை என்றால் கோவில், வாழைப்பழம், ஆசீர்வாதம். எங்களுக்கு அது இருட்டில் வாழை முறிகிற சத்தம். ஜன்னலுக்குக் கீழே படுத்துக்கொண்டு, அந்தச் சத்தம் கிட்டே வருகிறதா தூரமாகப் போகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். காலையில் பார்த்தால் ஈர மண்ணில் அதன் தடம், என் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே வைக்கலாம். பெரியப்பாவுக்குக் குலை தள்ளின வாழை. பட்டாசு வெடித்தார்கள், தகரம் தட்டினார்கள். ஆனை கேட்டுக்கொண்டே தின்றது. பொழுது சாய்ந்தால் மேற்குக் கோடிப் பக்கம் யாரும் போகக் கூடாது என்றாகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் அந்தப் பக்கம் போனபோது, பெரியப்பா தென்னைக்குப் பக்கத்துக் கம்பத்தில் ஸ்டூல் போட்டு நின்று, எங்கள் இரட்டைக் கம்பியில் ஒன்றைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். வாழையைச் சுற்றிப் புதிதாக ஒரு கம்பி வேலி ஓடியது. அதன் முனையைச் சுரண்டின இடத்தில் வைத்து முறுக்கினார்.

"என்னுங் பெரியப்பா பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல அம்மணி. உங்கப்பன் கம்பியில இருந்து துளியூண்டு எடுத்துக்கறேன். ஆனை வந்து தொட்டா சுரீர்னு சுடும், ஓடிப்போயிரும். அதும் சாகாது, நமக்கும் பாவமில்ல."

"அப்பாவுக்குத் தெரியுமுங்களா?"

"தெரிஞ்சா உடுவானா? நீ சொல்லிப்போடாத கண்ணு. அண்ணந் தம்பிக்குள்ள சண்டையாயிப் போகும்."

நான் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனை வராது என்றால் யார் எதை முறுக்கினால் எனக்கென்ன?

அன்று சாயங்காலமே ரேடியோ கெட்டுப்போனது. அப்பா குமிழைத் திருகுகிறார், திருகுகிறார், எதுவும் சரியாக நிற்கவில்லை. வாத்தியாருக்குச் சத்தம் பாதியாகிவிட்டதாம். மழையில் பாபின் நனைந்துவிட்டது என்றார், எனாமல் பெயர்ந்திருக்கும் என்றார். அவர் வீட்டுக்கு வருவதே பொழுது சாயும் நேரம், மறுநாள் ஞாயிறு விடாத மழை. "அடுத்த ஞாயித்துக்கெழமை அந்தக் கோடி வரைக்கும் ஏறிப் பாக்கோணும்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேலியில் உரசிக்கொண்டே புதன்கிழமை ஆனை வந்தது. பெரியப்பா எண்பது வாழையை இழந்தார்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மோட்டார் ரூம் வாசலில் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். மூன்று நாள் தூங்காத கண். ரூமுக்குள்ளிருந்து ஒரு புது வயர் ஜன்னல் வழியாக இறங்கி வேலிக்குப் போயிருந்தது.

"உங்கப்பன் கரண்டு டியூப் லைட்டு எரிக்கத்தான் ஆகும்" என்றார். "இது லைன் கரண்டு. இப்பவே போட்டுட்டேன், பொழுது எறங்குனா ஆரு இங்க வர்றது? வேலிப் பக்கம் போயிராத அம்மணி. இது வெளிய தெரிஞ்சா பெரியப்பனப் போலீசு புடிச்சுட்டுப் போயிரும், ஆமா."

சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுப் படி ஏறும்போதுதான் தலைக்குள் உறைத்தது. சனிக்கிழமை முறுக்கின முறுக்கை அவர் அவிழ்த்தாரா? அவிழ்த்திருக்காவிட்டால், மோட்டார் ரூம் கரண்டு வேலிக்கு வரும், வேலியிலிருந்து எங்கள் கம்பிக்கு வரும், கம்பியிலிருந்து ஜன்னலுக்கு வரும்.

முன்ரூமில் அப்பா அன்றைக்கு வெள்ளனே வந்து உட்கார்ந்து, காதில் ஹெட்போன் மாட்டித் தட்டிக்கொண்டிருந்தார். கட்டையும் குமிழும் பேக்லைட், அதைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. கம்பி முனையைத் தொட்டால்தான். முனையை அவர் எப்போது தொடுவார்? இடி இடித்தால் தொடுவார். சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்று, வெறுங்கையால் இரண்டையும் ஒரே பிடியாக உருவி வெளியே வீசுவார். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

ஜன்னலில் மலை தெரியவில்லை. அவ்வளவு கறுப்பு.

கால் மணி நேரம் இருக்கும். நான் பாயில் உட்கார்ந்து நோட்டை விரித்து வைத்துக்கொண்டேன். "அப்பா, அந்தக் கம்பியத் தொடாதீங்க." இதை மனதுக்குள் எத்தனை முறை சொல்லிப் பார்த்தேன் தெரியுமா? சொன்னால் ஏன் என்பார். ஏன் என்றால் பெரியப்பாவைச் சொல்ல வேண்டும். கயிற்றில் கட்டிப் பெரியப்பாவை ரோட்டில் நடத்திக்கொண்டு போவது கண்ணுக்குள் வந்தது. அவர் அவிழ்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். இடிக்காது என்று நினைத்துக்கொண்டேன். மாகாளியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஏங்கண்ணு மூஞ்சி இப்பிடி வெளுத்திருக்குது?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

இடித்தது.

அப்பா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். நாற்காலியைத் தள்ளினார். "அப்பா" என்றேன். "இரு கண்ணு, இதைக் கழட்டிப்போட்டு வாரேன்" என்றார்.

அவர் தொட்டதை நான் பார்க்கவில்லை. நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம், மாடு கத்துவது மாதிரி, மனுஷ சத்தமே இல்லை. நிமிர்ந்தபோது அவர் நாற்காலியோடு பின்னால் போய் விழுந்திருந்தார். அவர் விழுந்த வேகத்தில்தான் கை கம்பியை விட்டிருக்கிறது. கருகின வாடை. அம்மா போட்ட கூச்சலில் அக்கம்பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் எங்கள் வீட்டைப் பார்த்து ஓடி வந்தார்கள். ஜன்னல் வழியாக நான் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் மட்டும் முதலில் மோட்டார் ரூமுக்கு ஓடினார்.

டெம்போவில் ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் அப்பாவின் தலை பெரியப்பாவின் மடியில் இருந்தது. பெரியப்பா சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அது நடிப்பு என்று யாரும் சொல்லிவிடாதீர்கள், நான் பக்கத்தில் இருந்தவள். அப்பா பிழைத்துக்கொண்டார். வலது கையில் மூன்று விரல் கருகி, பிறகு ஆறி, உணர்ச்சியே இல்லாமல் ஆகிவிட்டது. கண் விழித்ததும் அவர் முதலில் சொன்னது, "இடிங்கண்ணா. கம்பி வழியா ஊட்டுக்குள்ளயே வந்துருச்சு. பாய் அன்னைக்கே சொன்னாரு."

பெரியப்பா கட்டில் கால்மாட்டில் நின்று, "ஆமா தம்பி, இடிதான்" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

நாங்கள் வீடு திரும்புவதற்குள் வேலி இல்லை, மோட்டார் ரூம் வயர் இல்லை, சவுக்குக் கம்பத்தில் ஒரு பாபின்கூட இல்லை. எல்லாவற்றையும் பெரியப்பா மாட்டுச்சாளைக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தியிருந்தார். பிளாஸ்டிக் எரிந்த நாற்றம் ஒரு வாரம் போகவில்லை. அவருடைய மிச்ச வாழையை ஆனை தின்று தீர்த்தது. அவர் தகரத்தைக்கூடத் தட்டவில்லை.

அப்பாவுக்குச் சமாதானம் ஆகட்டும் என்று பாய் மாமா கறுப்புக் கேபிள் சுருளைத் தானே கொண்டுவந்து இறக்கினார். அதைப் புதைக்க இருநூற்றைம்பது அடிக்கும் பெரியப்பா ஒருத்தரே மண் வெட்டினார். இரண்டு நாள். கூலிக்கு ஆள் வைக்க விடவில்லை. "எங்கண்ணன் மாதிரி ஒருத்தரு ஆருக்குங்க அமையும்?" என்று அப்பா மாமாவிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு அப்பா இடது கையால் தட்டப் பழகினார். சாயங்காலம் ஆனால் தீவைக் கூப்பிடுவார். ஹெட்போனைக் கெட்டியாகக் காதில் அழுத்திக்கொண்டு காத்திருப்பார். மறுபடி கூப்பிடுவார். வாத்தியார் தட்டுவது அப்பாவுக்கு மெல்லிசாகக் கேட்டது. அப்பா தட்டுவதுதான் அங்கே போய்ச் சேரவில்லை. அதைக் கேபிள் தின்றுவிட்டது. வாத்தியார் அங்கிருந்து அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம், பதில் வராமல் மாதக்கணக்கில். பிறகு அதுவும் நின்றது. "என்னமோ அவருக்கு ஒடம்புக்கு முடியலையோ என்னமோ" என்றார் அப்பா. இடி இல்லை அப்பா, அந்தக் கம்பி உங்களை ஒன்றும் செய்யவில்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த வாரமே மறுபடி பாபின் கோத்திருப்பார். ஒவ்வொரு சாயங்காலமும் சொல்லப் பயந்தேன். பயமும் பழகிப்போகும் என்பார்கள், எனக்குப் பழகவில்லை.

வருஷங்கள் ஓடின. புதிதாக லைசென்ஸ் வாங்கின பையன்கள் ஏரியல் கட்டுவது பற்றிக் கேட்க அப்பாவிடம் வருவார்கள். அவர் அந்த மூன்று விரலை நீட்டிக் காட்டி, இரட்டைக் கம்பியை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள் என்பார். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

அப்பா தவறிப்போன பிறகு, அவர் காரியத்துக்கு அவர்களில் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். இப்போது அவர்களுக்கே தலை நரைத்துவிட்டது. ஒருத்தர் என்னிடம் வந்து கைகூப்பி, "ஐயா சொன்னதுக்கப்பறம் நாங்க ஆருமே தொறந்த கம்பி போடறதில்லீங்க. இடி ஊட்டுக்குள்ள வந்து அடிச்சும் பொழைச்ச மனுசன்" என்றார்.

பக்கத்து நாற்காலியில் பெரியப்பா, தொண்டு கிழம். "என்ற தம்பி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார். வந்தவரும் என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றேன்.

இனிப் போலீசு யாரையும் பிடிக்கப்போவதில்லை, அது எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி என்னிடம் வரும். உனக்குத்தான் தெரியுமே, அந்தக் கால் மணி நேரம் நீ என்ன பண்ணிக்கொண்டிருந்தாய் என்று யாராவது கேட்பார்கள். நான் இங்கிலீஷ் நோட்டில் ஸ்பெல்லிங் எழுதிக்கொண்டிருந்தேன். பத்து வார்த்தை, ஒவ்வொன்றும் ஐந்து தடவை. எல்லாம் சரியாக எழுதியிருந்தேன்.